கலப்பினப் பூச்சிகளும் இடவலக் கோணலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு இனங்களோ, ஒரே இனத்தின் நெடுநாள் பிரிந்திருந்த இரண்டு கிளைகளோ இயற்கையில் தாமாகச் சந்தித்துக் கலக்கின்றன. அப்படிப் பிறக்கும் பூச்சியின் இடது பக்கமும் வலது பக்கமும் ஒத்துப்போகுமா? இதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் "கலப்பு என்றால் கோணல்" என்ற முடிவை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அதைச் சற்று நேரம் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள்.

பூச்சியின் உடல்தான் சமச்சீரானதாயிற்றே, கோணலை எங்கே தேடுவது?

ஒரு பழ ஈயின் இரண்டு இறகுகளையும் அடியோடு கழற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். முதல் பார்வையில் ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். ஆனால் நரம்புகள் சந்திக்கும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தால் இடது இறகில் ஓர் எண் வரும், வலது இறகில் சற்றே வேறோர் எண் வரும். வித்தியாசம் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

இந்த வித்தியாசம் ஏன் சுவையானது என்றால், இரண்டு இறகுகளுக்கும் மரபணு ஒன்று. தின்ற தீனி ஒன்று, பட்ட வெப்பமும் ஒன்று. ஆகவே மரபு வேறு, சூழல் வேறு என்று சாக்குச் சொல்ல வழியில்லை. எஞ்சுவது, செல்கள் பிரியும்போதும் பெருகும்போதும் நேரும் சின்னச் சின்னத் தற்செயல்கள். அந்தத் தற்செயல்களை வளர்ச்சி எவ்வளவு தூரம் அடக்கி ஆள்கிறது என்பதற்கான அளவுகோல்தான் இந்தக் கோணல். அளப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. முழு வளர்ச்சி பெற்ற பூச்சியின் இறகு அதன்பின் வளர்வதில்லை. விரிந்து உலர்ந்த கணத்தோடு அந்தக் கணக்கு மூடப்பட்டுவிடுகிறது.

இடது வலது வேறுபாடு எல்லாமே இந்த வகைதானா?

இல்லை. மூன்று வகை உண்டு. 1962இல் பரிணாம ஆய்வாளர் லீ வான் வேலன் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

வயல்வெளிச் சுவர்க்கோழிகளில் பெரும்பாலானவை வலது முன்னிறகை இடது இறகின் மேல் மடித்து வைத்திருக்கும். அவற்றின் உறவான நீள்உணர்கொம்பு வெட்டுக்கிளிகளில் இது தலைகீழ், இடதுதான் மேலே. இப்படி ஓர் இனம் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது திசைச் சமச்சீரின்மை. ஆஸ்திரேலியாவின் சியுல்ஃபினா என்ற கும்பிடுபூச்சிகளில் ஆணின் இனப்பெருக்க உறுப்பு சிலவற்றில் வலப்புறமாகவும் சிலவற்றில் இடப்புறமாகவும் திரும்பியிருக்கும். இது எதிரெதிர்ச் சமச்சீரின்மை. இரண்டும் உடலின் திட்டத்திலேயே இருப்பவை, பிழையாக எண்ணக்கூடாது.

மூன்றாவதுதான் நம்முடையது: தற்செயல் சமச்சீரின்மை. சில பூச்சிகளில் இடது கொஞ்சம் பெரிது, சிலவற்றில் வலது கொஞ்சம் பெரிது, கூட்டிப் பார்த்தால் சராசரி பூஜ்யம். இந்தப் பக்கத்தில் இனிக் கோணல் என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

இரண்டு பக்கமும் ஒரே அளவில் நிற்க வேண்டும் என்று பூச்சிக்கு எப்படித் தெரிகிறது?

நெடுநாள் புதிராக இருந்த கேள்வி. பழ ஈயின் புழுவுக்குள் எதிர்கால இறகும் காலும் கண்ணும் சிறு சிறு பைகளாக மடிந்து கிடக்கின்றன. இடது இறகுப் பை அடிபட்டுப் பின்தங்கினால் வலது இறகுப் பை அதற்காகக் காத்திருக்குமா? காத்திருக்கிறது. 2012இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்த டில்ப்8 என்ற புரதம்தான் செய்தியாளர். பின்தங்கிய பை அதைச் சுரக்கிறது. அது மூளைக்குப் போய்ச் சேர, தோலுரிப்பைத் தூண்டும் எக்டைசோன் ஹார்மோன் தாமதமாகிறது. கூட்டுப்புழுப் பருவம் தள்ளிப்போவதால் பின்தங்கியது எட்டிப் பிடிக்க நேரம் கிடைக்கிறது.

டில்ப்8 மரபணு இல்லாத ஈக்களை வளர்த்தபோது அவற்றின் இடது வலது இறகுகளுக்கு இடையிலான வேறுபாடு கூடியது. கலப்பைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சமச்சீர் தானாக வந்து அமைவதில்லை. சுரப்பு, ஏற்பி, மூளை, ஹார்மோன் என்று பல கைகள் மாறும் ஏற்பாடு அது. அந்தக் கைகள் ஒன்றோடொன்று பழகியவையாக இருக்க வேண்டும்.

கலப்பு இதில் எங்கே நுழைகிறது?

இரண்டு எதிரெதிரான வாதங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நியாயம் உண்டு.

முதல் வாதம் மரபியலாளர் மைக்கேல் லெர்னர் 1954இல் முன்வைத்தது. தந்தையிடமிருந்து ஒரு வடிவமும் தாயிடமிருந்து வேறொரு வடிவமுமாக மரபணுக்களைப் பெற்ற உயிரி இடர்களைத் தாங்கி நிற்கும். ஒன்று சோர்ந்தால் மற்றது கைகொடுக்கும். கலப்பினத்தில் இத்தகைய ஜோடிகள் அதிகம் என்பதால் அது பெற்றோரைவிட நேர்த்தியாக வளர வேண்டும். கலப்பின வீரியம் என்று பாடப்புத்தகங்கள் சொல்வதன் உறவுக்கார வாதம் இது.

இரண்டாவது வாதம் இன்னொரு மரபியலாளரான தியோடோசியஸ் டாப்ஷான்ஸ்கியின் சிந்தனையில் வேரூன்றியது. ஓர் இனத்துக்குள் மரபணுக்கள் பல்லாயிரம் தலைமுறைகளாக ஒன்றையொன்று அனுசரித்துப் பழகியவை, ஒரே நுகத்தில் பழகிய மாடுகள் போல. வேறோர் இனத்தின் மரபணுவைக் கொண்டுவந்து பக்கத்தில் பூட்டினால் அது தனியாக எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நடை பிசகும். அப்படியானால் கலப்பினம் கோணலாக வளர வேண்டும்.

இரண்டில் எது சரி?

எந்தத் தலைமுறையைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நழுவல் பதிலாகத் தோன்றும், ஆனால் விஷயத்தின் மையமே இதுதான்.

முதல் தலைமுறைக் கலப்பினத்திடம் தாய்வழித் தொகுதி ஒன்று முழுமையாக இருக்கிறது, தந்தைவழித் தொகுதி ஒன்றும் முழுமையாக இருக்கிறது. பழகிய கூட்டணிகள் இரண்டுமே கலையவில்லை, கூடவே ஜோடி வேறுபாட்டின் லாபமும் சேர்கிறது. ஆகவே முதல் தலைமுறை பெற்றோரைப் போலவோ அவர்களைவிட நேர்த்தியாகவோ இருந்தால் வியக்க வேண்டாம். அந்தக் கலப்பினங்கள் தமக்குள்ளோ பெற்றோர் இனத்தோடோ மீண்டும் சேரும்போதுதான் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு கூட்டணிகள் சிதறத் தொடங்குகின்றன. முதல் தலைமுறையில் ஒடுங்கி மறைந்திருந்த பொருத்தமின்மைகளும் அப்போதுதான் தலைகாட்டும்.

இயற்கையில் இரண்டு இனங்கள் சந்திக்கும் கலப்பு மண்டலத்தில் நீங்கள் பிடிக்கும் பூச்சி பெரும்பாலும் பல தலைமுறை கலந்து புரண்டதாகவே இருக்கும், தூய முதல் தலைமுறையைப் பார்ப்பது அரிது. எனவே ஆய்வுக்கூடத்தில் ஒரு தலைமுறை வளர்த்துப் பெற்ற முடிவை அப்படியே காட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இந்தத் தவறு அச்சில் வந்த கட்டுரைகளிலேயே உண்டு.

இயற்கையில் பார்த்த எடுத்துக்காட்டு ஏதேனும் உண்டா?

எனக்குப் பிடித்தது காரபஸ் சோலியேரி என்ற தரைவண்டு. பிரான்சின் தென்கிழக்கிலும் அதை ஒட்டிய இத்தாலியப் பகுதியிலும் வாழ்வது, பச்சை மினுமினுப்புள்ள அழகன். இந்த இனத்தின் கிளைகளுக்கு இடையே வெவ்வேறு காலங்களில் நடந்ததாகக் கருதப்படும் இரண்டு கலப்புகளின் தடங்கள் அதன் கூட்டங்களில் இருக்கின்றன. 2006இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்று பல கூட்டங்களிலிருந்து வண்டுகளை எடுத்து நான்கு அளவுகளைப் பார்த்தது. நடுக்காலின் டிபியா (முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி) நீளம், பின்காலின் டிபியா நீளம், பின்னிறகின் நீளம், பின்னிறகின் அடிப்பக்க அகலம்.

தேர்வில்தான் புத்திசாலித்தனம் இருக்கிறது. இந்த வண்டு பறக்காது. அதன் பின்னிறகு மேலுறைக்கு அடியில் குறுகிச் சூம்பிப்போன மிச்சம். காலோ ஓடி இரை பிடிக்க அன்றாடம் வேண்டியது. ஒரே உடலில் உயிர்வாழத் தேவையான உறுப்பு ஒன்று, எதற்கும் ஆகாத உறுப்பு ஒன்று. விளைவு: கால்களின் கோணலில் கூட்டத்துக்குக் கூட்டம் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபாடு தெரிந்ததெல்லாம் சூம்பிய இறகில்தான்.

கால் கோணினால் வண்டு பட்டினி கிடக்கும், ஆகவே காலின் வளர்ச்சியைப் பல பக்கமும் முட்டுக்கொடுத்துக் காப்பாற்றி வைத்திருக்கிறது இயற்கைத் தேர்வு. கலப்பின் உலுக்கலை அந்த முட்டுகள் தாங்கிவிடுகின்றன. பயனற்ற இறகைக் காக்க யாரும் இல்லை. கலப்பினத்தில் கோணல் இருக்கிறதா என்று காலை மட்டும் அளந்து "இல்லை" என்று எழுதியிருந்தால் அது உண்மையில் பாதியாகவே இருந்திருக்கும். எந்த உறுப்பை அளக்கிறீர்கள் என்பது எந்தப் பூச்சியை அளக்கிறீர்கள் என்பதற்குச் சமமான கேள்வி.

நெடுங்காலமாகக் கலந்துவரும் இடங்களில் கோணல் கூடிக்கொண்டே போகுமா?

பெரும்பாலும் மறுதிசையில் நடக்க வாய்ப்பு அதிகம். பிரனீஸ் மலைத்தொடரில் கோர்திப்பஸ் பாரலெலஸ் என்ற வெட்டுக்கிளியின் இரண்டு கிளைகள் சந்திக்கின்றன. பனிக்காலத்தை ஸ்பெயின் பக்கம் கழித்த கிளை ஒன்று, பால்கன் பகுதியிலிருந்து பரவி வந்த கிளை மற்றொன்று. பனி விலகியபின் மலைக் கணவாய்களில் இரண்டும் மோதிக் கலந்தன. காட்ஃப்ரி ஹெவிட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் இவற்றைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். தூய பெற்றோரைக் கொண்டுவந்து ஆய்வுக்கூடத்தில் கலந்தால் பிறக்கும் ஆண்கள் மலடு. ஆனால் மலையில் அதே கலப்பு மண்டலத்தின் நடுவே பிடித்த ஆண்களிடம் அந்த மலட்டுத்தன்மை காணப்படவில்லை. ஒத்துப்போகாத மரபணுச் சேர்க்கைகளைத் தலைமுறைதோறும் தேர்வு களைந்துவிட்டது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

அந்த ஆய்வு பேசியது மலட்டுத்தன்மையைப் பற்றி. ஆனால் சமச்சீருக்கும் அதே தர்க்கம் பொருந்தும். கலப்பு மண்டலம் பழையதா புதியதா என்று கேட்காமல் அங்கே அளந்த கோணலுக்குப் பொருள் சொல்ல முடியாது.

இரண்டு இனங்கள் கலந்தால்தான் இப்படி ஆகுமா? ஒரே ஒரு புதிய மரபணு நுழைந்தால்?

ஒன்றே போதும் என்பதற்கு இந்தத் துறையில் மிகத் தெளிவான சான்று ஓர் ஈ. ஆஸ்திரேலியாவில் செம்மறியாடுகளைத் தாக்கும் லூசிலியா குப்ரினா. டயசினான் என்ற பூச்சிக்கொல்லியைத் தாங்கும் மரபணு அந்த ஈக்களிடம் தோன்றிப் பரவியது. மருந்துக்குத் தப்பிய ஈக்களுக்கு வேறு வகையில் நட்டம் இருந்தது. மருந்து இல்லாத இடத்தில் அவை மற்ற ஈக்களோடு போட்டியிட முடியாமல் திணறின, உடலின் இருபுறமும் உள்ள முள்மயிர்களின் எண்ணிக்கையும் பொருந்தாமல் போனது.

பிறகு வயல்வெளியில் இன்னொரு மரபணு துணைக்கு வந்தது. வேறொரு குரோமோசோமில் இருக்கும் அந்தத் துணை மரபணு சேர்ந்ததும் ஈக்கள் தாங்குதிறனை விடாமலே பழைய நேர்த்திக்குத் திரும்பின. ஜான் மெக்கென்சியும் ஜெஃப்ரி கிளார்க்கும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது. தாங்கும் ஈக்களை மருந்தறியாத ஈக்களோடு மீண்டும் மீண்டும் கலந்து துணை மரபணுவை மட்டும் கழற்றிவிட்டால் கோணல் திரும்பி வருகிறது. பழகிய கூட்டணி என்று டாப்ஷான்ஸ்கி வழிவந்தவர்கள் சொல்வது வெறும் உவமை இல்லை, அது கலைவதையும் கூடுவதையும் மயிர் எண்ணியே பார்க்கலாம் என்று காட்டியவை இந்த ஈக்கள்.

தேனீக்களில் ஆணுக்கு ஒரு தொகுதி மரபணுதானே? அப்படியானால் ஆண்கள் எல்லாம் கோணலா?

கேட்டவர் லெர்னர் வாதத்தின் தொண்டையைப் பிடித்துவிட்டார். ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது. ஜோடி என்பதே கிடையாது, ஆகவே ஜோடி வேறுபாட்டின் லாபமும் கிடையாது. சமச்சீருக்கு அந்த லாபம்தான் காரணம் என்றால் ஒவ்வோர் ஆண் தேனீயும் குளவியும் எறும்பும் கோணிக்கொண்டு திரிய வேண்டும். மேலே சொன்ன அதே கிளார்க் 1990களில் இதைத் தேடிப் பார்த்தார். ஆண்கள் பெண்களைவிடப் பொதுவாகக் கோணலானவர்கள் என்று வரவில்லை. கூட்டணி வாதத்தின் பக்கம் தராசு சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கலப்பின ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி பாதிக்கப்படுகிறார்களா?

1922இல் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் சொன்ன விதி: கலப்பினத்தில் ஒரு பாலினம் மட்டும் இல்லாமல் போகிறது அல்லது மலடாகிறது என்றால், அது வெவ்வேறு பாலினக் குரோமோசோம்களைக் கொண்ட பாலினமாகவே இருக்கும். ஈக்களில் அது ஆண், பட்டாம்பூச்சிகளில் பெண். சமச்சீரை அளக்கும்போதும் இருபாலையும் கலந்து கொட்டிச் சராசரி எடுக்காதீர்கள்.

இடப்பாதி ஆணாகவும் வலப்பாதி பெண்ணாகவும் இருக்கும் பட்டாம்பூச்சியின் படத்தைப் பார்த்தேன். அது கலப்பினமா?

அது பாலினக் கலவை உயிரி. கரு வளர்ச்சியின் தொடக்கத்தில் பாலினக் குரோமோசோம் பங்கீடு பிசகுவது போன்ற காரணங்களால் வருவது. தற்செயல் கோணலோடு அதற்குத் தொடர்பில்லை, கலப்பும் அதற்குத் தேவையில்லை.

ஆனால் கலப்பு ஒரு முறை அந்த மர்மத்தை அவிழ்க்க உதவியது. 1860களில் கான்ஸ்டன்ஸ் நகரில் ஆய்க்ஸ்டர் என்ற தேனீ வளர்ப்பவரின் கூட்டில் ஆணும் பெண்ணும் கலந்த தேனீக்கள் ஏராளமாகப் பிறந்தன. ராணி இத்தாலிய வகை, அதனோடு சேர்ந்த ஆண்கள் ஜெர்மானிய வகை. இரண்டுக்கும் நிறம் வேறு. ஐம்பதாண்டுகள் கழித்து, பாதுகாத்து வைத்திருந்த அந்தத் தேனீக்களை உயிரியலாளர் தியோடோர் போவெரி எடுத்துப் பார்த்தார். ஆண் பகுதிகளில் தாயின் இத்தாலியக் குணங்கள் மட்டும், பெண் பகுதிகளில் இரண்டின் கலப்பு. ஆண் பகுதிக்குத் தந்தையின் விந்தணு போய்ச் சேரவே இல்லை என்று நிறமே காட்டிக்கொடுத்துவிட்டது.

நானே அளந்து பார்க்கலாமா?

தாராளமாக. ஆனால் உங்கள் கைதான் முதல் எதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் முதன்முதலில் அளந்த தொகுதியில் வலது இறகுகள் எல்லாமே சற்று நீளமாக வந்தன. திசைச் சமச்சீரின்மையைக் கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன். பிறகுதான் புரிந்தது. இடது இறகைத் தகட்டின் நடுவிலும் வலது இறகை ஓரத்திலும் ஒட்டியிருக்கிறேன், லென்ஸின் ஓரத்தில் படம் சற்று விரிகிறது. கோணல் பூச்சியிடம் இல்லை, என் மேசையில் இருந்தது.

ஆகவே ஒவ்வோர் இறகையும் குறைந்தது இரண்டு முறை அளக்க வேண்டும், முதல் முறை வந்த எண் கண்ணில் படாதபடி, வேறொரு நாளில். எந்தத் தகடு கலப்பினம், எது பெற்றோர் இனம் என்பது அளப்பவருக்குத் தெரியாமல் யாராவது மறைத்து எண்ணிட்டுத் தர வேண்டும். இரண்டு அளவைகளுக்கு இடையிலான பிழை, இடது வலது வேறுபாட்டுக்குச் சமமாக வந்தால் அந்தத் தரவைத் தூக்கிப் போடுங்கள். ரிச்சர்ட் பாமரும் கர்ட்டிஸ் ஸ்ட்ரோபெக்கும் 1986இலேயே இதை விரிவாக எழுதி எச்சரித்தார்கள். 1990களில் கோணல் ஆய்வு ஒரு மோகமாகப் பரவியபோது பலர் அதைப் படிக்காமலே கட்டுரை எழுதினார்கள். அந்தக் காலத்து முடிவுகள் சிலவற்றை இன்று யாரும் நம்பாததற்கு அதுவும் காரணம்.

கிழிந்த இறகை அளக்காதீர்கள், அது வாழ்க்கையின் தேய்மானம். கரப்பானிலும் குச்சிப்பூச்சியிலும் இழந்த கால் மீண்டும் முளைத்துச் சிறியதாக நிற்கும், அதையும் சேர்க்காதீர்கள். இன்னொன்று, கலப்பு மண்டலங்கள் பல நேரம் இரண்டு இனங்களுக்குமே அவ்வளவாக ஒத்துவராத எல்லை நிலங்களில் அமைகின்றன. வெப்பமும் பட்டினியும்கூடக் கோணலைக் கூட்டும். அதே இடத்தில் வளர்ந்த பெற்றோர் இனத்தோடு ஒப்பிடாவிட்டால், நிலத்தின் குற்றத்தைக் கலப்பின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

ஒரு பூச்சியை அளந்து அது கலப்பினம் என்று சொல்ல முடியுமா?

முடியாது. ஒரு பூச்சியிடம் இடது, வலது என்று ஒரே ஒரு வேறுபாடுதான் கிடைக்கும். மிகத் தடுமாற்றமாக வளர்ந்த பூச்சியிலும் இரண்டு பக்கமும் தற்செயலாகப் பொருந்தி நிற்கலாம். கோணல் என்பது கூட்டத்தின் குணம், அதைச் சிதறலாக மட்டுமே பார்க்க முடியும்.

கோணலான பூச்சிக்கு அதனால் நட்டம் உண்டா?

ஒரு விழுக்காடு இறகு வேறுபாட்டால் ஈ விழுந்துவிடாது. கோணலே நோய் என்பதைவிட, உள்ளே வேறேதோ சரியில்லை என்பதன் அறிகுறியாக அதைப் பார்ப்பது பொருத்தம். லூசிலியா ஈக்கள் திணறியதற்கு மயிர் எண்ணிக்கை காரணமில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்று.

அப்படியானால் கலப்பைக் கண்டறிய இந்த அளவீட்டைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். கலப்பு நடந்ததா என்று அறிய மரபணுப் பரிசோதனை நேரடி வழி. கோணலை அளப்பது, நடந்துவிட்ட கலப்பு வளர்ச்சியை எவ்வளவு உலுக்கியது என்று அறிய மட்டுமே. கருவி இல்லாத காலத்திலேயே தேனீ வளர்ப்பவர்களிடம் ஒரு நல்ல வழி இருந்தது. ஐரோப்பாவின் கருந்தேனீயில் இத்தாலிய, கார்னியோலா வகைகளின் கலப்பைப் பிடிக்க, முன்னிறகின் ஓர் அறையை அடைக்கும் இரண்டு நரம்புத் துண்டுகளின் நீள விகிதத்தைப் பார்ப்பார்கள். வகைக்கு வகை அந்த விகிதம் மாறும். அதற்கு இடது வலது ஒப்பீடே வேண்டாம், வேலைக்காரத் தேனீக்கள் சிலவற்றிடமிருந்து ஒரு பக்க இறகு மட்டும் கிடைத்தால் போதும்.